அலாஸ்கா வரலாறு: பெட்டிச் செய்திக்குப் பத்து தேதிகள். எதை வைக்க, எதை வெட்ட?

தாளாசிரியன் #1

வணக்கம் நண்பர்களே. மாத இதழ் ஒன்றில் வரும் அமெரிக்க மாநிலங்கள் தொடரில் அடுத்தது அலாஸ்கா. கட்டுரை தயார். ஓரத்தில் வரும் பெட்டிக்குப் பத்து தேதிதான் கொள்ளும், தேதிக்கு ஒரு வரி. இப்போதைய வரைவு:

1741 – விட்டஸ் பெரிங் தலைமையில் ரஷ்யக் கப்பல்கள் அலாஸ்கா கரையைக் கண்டன
1867 – ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கியது
1896 – அலாஸ்காவின் குளோண்டைக்கில் தங்கம்
1912 – டெரிட்டரி (மாநிலத்துக்கு முந்தைய நிலை) அந்தஸ்து
1925 – நோம் நகருக்கு நாய்வண்டியில் மருந்து, பால்டோ என்ற நாய்
1942 – ஜப்பான் தாக்குதல், அலாஸ்கா நெடுஞ்சாலை
1959 – 49-ஆவது மாநிலம்
1964 – 8.4 ரிக்டர் நிலநடுக்கம்
1977 – எண்ணெய்க் குழாய்
1989 – எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் விபத்து

எது தப்பு, எது விட்டுப்போச்சு, எதை எடுத்தால் நஷ்டமில்லை? சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நாள்காட்டி #2

முதல் தப்பு பளிச்னு தெரியுது. குளோண்டைக் அலாஸ்காவில் இல்லை சார், கனடாவின் யூகான் பகுதியில் இருக்கு. அலாஸ்கா அதுக்கு வாசல் மட்டும்தான். ஸ்காக்வே, டையீ துறைமுகங்களில் இறங்கி, சில்கூட் கணவாய் ஏறி, அந்தப்பக்கம் இறங்கினா கனடா. ஓராண்டுச் சாப்பாடு கையில் இல்லாதவனைக் கனடா போலீஸ் எல்லை தாண்ட விடலை. மாவு, பீன்ஸ், பன்றி இறைச்சி, கூடாரம், கருவின்னு சேர்த்தா ஆளுக்கு ஒரு டன் பக்கம் வரும். நடைக்கு 25 கிலோன்னு முதுகில் தூக்கினா அதே ஏற்றத்தை 35, 40 தடவை ஏறணும். ஊர் பேரை மாத்தாம விட்டா வாசகர் கடிதம் நிச்சயம்.

அலாஸ்கா மண்ணுக்குள்ளேயே தங்கம் வேணும்னா 1880 ஜூனோ, 1898 நோம், 1902 ஃபேர்பேங்க்ஸ். ஒண்ணுதான்னா நோம். 1899-ல் அங்கே கடற்கரை மணலிலேயே தங்கத்தூள் கிடைச்சது. மண்வெட்டியும் மணல் அலசும் மரத்தொட்டியும் இருந்தா போதும்.

1867-க்கும் எந்த நாள்னு சொல்லாம விடாதீங்க, அந்த ஒரு பேரத்துக்கே நாலு தேதி இருக்கு. மார்ச் 30 விடியக்காலை 4 மணிக்கு வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர் சீவர்டும் ரஷ்யத் தூதர் ஸ்டோக்கலும் கையெழுத்துப் போட்டாங்க. ஏப்ரல் 9-ல் செனட் 37-க்கு 2-ன்னு ஒப்புதல். அக்டோபர் 18-ல் அலாஸ்காவின் அப்போதைய தலைநகர் சிட்காவில் கொடி மாற்றம். ஆனா பணம் கைமாறினது 1868 ஆகஸ்ட் 1-ல்தான். பிரதிநிதிகள் சபை தொகையை ஒதுக்கவே 1868 ஜூலை 14 ஆயிடுச்சு (113-க்கு 43). முதலில் சாவியை வாங்கிட்டு, ஒன்பது மாசம் கழிச்சு காசு கொடுத்த கதை.

தாளாசிரியன் #3

குளோண்டைக் நல்லவேளை இப்பவே பிடிபட்டது, நன்றி. கொடி மாற்றத்துக்கு ஓரிடத்தில் அக்டோபர் 18 என்றும் இன்னோரிடத்தில் அக்டோபர் 6 என்றும் இருக்கிறது. பழைய ரஷ்ய நாள்காட்டிக்கும் நம்முடையதற்கும் 12 நாள் வித்தியாசம், அவ்வளவுதானே?

நாள்காட்டி #4

அவ்வளவுதான்னு விட முடியாது, இதில் ஒரு முடிச்சு இருக்கு. ரஷ்யர்கள் சைபீரியா பக்கமிருந்து கிழக்கே வந்தவங்க, அதனால ஆசியக் கிழமையையே கூட எடுத்துட்டு வந்தாங்க. நாள் மாறுற எல்லையான தேதிக்கோடு அப்போ அலாஸ்காவுக்குக் கிழக்கே ஓடுச்சு. அமெரிக்காவில் வெள்ளின்னா சிட்காவில் சனி.

இப்போ கணக்கு. சிட்காவில் ரஷ்யத் தேதி அக்டோபர் 6, வெள்ளி. மறுநாள் ரஷ்யக் கணக்கில் அக்டோபர் 7, சனி. 12 நாள் கூட்டினா அக்டோபர் 19, சனி. தேதிக்கோட்டை மேற்கே தள்ளினதால ஒரு நாள் கழியுது: அக்டோபர் 18, வெள்ளி. ஆக 6-ஆம் தேதி வெள்ளிக்கு அடுத்த நாள் 18-ஆம் தேதி வெள்ளி. 7 முதல் 17 வரை தேதியே கிடையாது, ஆனா வெள்ளிக்கிழமை ரெண்டு. பெட்டியில் 18-னு மட்டும் போடுங்க. அலாஸ்கா தினம்னு இன்னைக்கும் விடுமுறை விடறது அந்தத் தேதிக்குத்தான்.

தாய்ப்பத்திரம் #5

பட்டியலைப் படித்ததும் தேடியது 1971 டிசம்பர் 18, பூர்வகுடிகளின் நிலக் கோரிக்கையைத் தீர்த்த சட்டம் கையெழுத்தான நாள். அது இல்லாத அலாஸ்கா காலவரிசை, கிரயத் தேதியை எழுதிவிட்டுப் பட்டா யார் பேரில் என்று சொல்லாமல் விட்டது போல.

1867 பேரத்திலிருந்தே தொடங்கலாம். ஒத்துக்கொண்ட விலை 70 லட்சம். பிறகு ஏன் 72 லட்சம்? ரஷ்ய அமெரிக்கக் கம்பெனி உள்ளிட்ட எவருடைய சலுகையும் உரிமையும் ஒட்டியிராமல், சுத்தமாக எழுதித் தரவேண்டும் என்று சீவர்ட் நிபந்தனை போட்டார். அதற்காகத்தான் கூடுதல் 2 லட்சம். உடன்படிக்கையின் 6-ஆவது பிரிவில் இது அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப் பாஷையில், வில்லங்கமில்லாக் கிரயம்.

ஆனால் பெரிய வில்லங்கம் ரஷ்யக் கம்பெனி இல்லை. ட்லிங்கிட், யூபிக், இன்யூபியாட், அதபாஸ்கன், உனங்கன் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆண்டு அனுபவித்த நிலம் அது. அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. 1884-இல் அமெரிக்க காங்கிரஸ் முதல் நிர்வாகச் சட்டம் போட்டபோது, பூர்வகுடிகள் தம் அனுபவத்தில் உள்ள நிலத்தில் தொந்தரவு செய்யப்படமாட்டார்கள், உரிமை பெறும் முறையைப் பின்னால் வரும் சட்டம் தீர்மானிக்கும் என்று ஒரு வரியை எழுதி வைத்தது. அந்தப் ‘பின்னால்’ வர 87 ஆண்டுகள் பிடித்தன.

நடுவில் நடந்ததையும் பாருங்கள். டோங்கஸ் காட்டில் மரம் வெட்டியதற்கு இழப்பீடு கேட்ட டீ-ஹிட்-டன் ட்லிங்கிட் குடிக்கு 1955-இல் உச்ச நீதிமன்றம் ஒரு காசும் இல்லை என்றது. ட்லிங்கிட், ஹைடா மக்கள் போட்ட வேறொரு வழக்கில் 1968-இல் சுமார் 75 லட்சம் டாலர் தீர்ப்பானது. தென்கிழக்கு மூலை ஒன்றுக்கு மட்டும், மொத்த அலாஸ்காவை வாங்கிய விலையைவிட அதிகம்.

கரைவலை #6

1971 முக்கியம்தான், மறுக்கலை. ஆனா அங்கே சாதாரண ஜனம் மாநிலம் வேணும்னு கொடி பிடிச்சது நிலத்துக்காக இல்லை, சால்மன் மீனுக்காக. 1959-க்கு ஒரு வரி எழுதும்போது மீன்பொறி வரலேன்னா அந்த வரி உப்புச்சப்பில்லாம போயிடும்.

பொறி எப்படி இருக்கும்னா, கரையிலிருந்து கடலுக்குள்ள நேரா ஒரு வேலி வலை. சால்மன் கரையை ஒட்டியே நீந்தும். வேலியில் முட்டினா ஆழம் பார்த்துத் திரும்பும். அந்த முனையில் உள்ளே வர வர குறுகுற மாதிரி அறை அறையா வலை. கடைசி அறைக்குள்ள போனது வெளியே வராது. ஆளே இல்லாம ராப்பகலா பிடிச்சுக்கிட்டே இருக்கும். பெரும்பாலானது சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ டப்பாமீன் கம்பெனிகளோடது. படகில் போய் வலை போடற உள்ளூர்க்காரனுக்கு மிச்சம்தான். மீன்வளம் வாஷிங்டன் கையில் இருந்ததால டெரிட்டரி சட்டசபை கத்தினாலும் ஒண்ணும் நடக்கலை. 1953-ல் மீன்வரத்து விழுந்து, மீன்பிடி ஊர்களைப் பேரிடர்ப் பகுதின்னு ஐசனோவர் அறிவிக்க வேண்டியதாச்சு.

ஃபேர்பேங்க்ஸ் பக்கத்து பல்கலைக்கழகத்தில் 1955 நவம்பர் முதல் 1956 பிப்ரவரி வரை 55 பேர் உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதினாங்க. மாநிலமே இன்னும் கிடைக்கலை, சட்டத்தை முன்கூட்டியே எழுதி வச்சுட்டாங்க. அதோட சேர்த்து ஓட்டுக்கு விட்ட தீர்மானங்களில் ஒண்ணு மீன்பொறித் தடை. 1956 ஏப்ரல் 24-ல் ரெண்டும் ஜெயிச்சது.

தாய்ப்பத்திரம் #7

சரிதான் அக்கா. டென்னிசி திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே 1956-இல், இல்லாத மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்களையும் (குரூனிங், ஈகன்) ஒரு பிரதிநிதியையும் (ரால்ஃப் ரிவர்ஸ்) தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். சபையில் நாற்காலி தரவில்லை. ஆனால் வாசலில் நின்று ஆதரவு திரட்டுவதை யார் தடுக்க முடியும்? 1958 மே 28-இல் பிரதிநிதிகள் சபை 210-க்கு 166, ஜூன் 30-இல் செனட் 64-க்கு 20.

கீழ்மண் #8

1964 வரியைத் திருத்துங்கள். 8.4 அந்தக் காலத்தில் சொன்ன எண். பழைய அளவுகோல் பெரிய நிலநடுக்கங்களில் ஓரளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். உடைந்த பிளவின் நீளம், அகலம், நழுவிய தூரம் மூன்றையும் வைத்துப் பின்னாளில் கணக்கிட்டது 9.2. வட அமெரிக்காவில் கருவிகளில் பதிவானவற்றில் இதுதான் பெரியது. எனவே ‘ரிக்டர்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, ‘9.2 அளவு’ என்று போடுங்கள்.

மார்ச் 27, புனித வெள்ளி, மாலை 5.36. சுமார் நாலரை நிமிடம் ஆடியது. அந்த நீளம்தான் வினை. ஆங்கரேஜ் நகரத்துக்கு அடியில் பூட்லெகர் கோவ் என்ற களிமண் அடுக்கு இருக்கிறது. குறைந்த நேரக் குலுக்கலைத் தாங்கும், விடாமல் குலுக்கினால் கூழாகிவிடும். டர்னகைன் பகுதியில் மேட்டு நிலம் வீடுகளோடு கடலை நோக்கி வழுக்கிப்போனது அதனால்தான். கட்டடத்தின் குறை அல்ல, கால் வைத்த மண் போய்விட்டது.

வால்டீஸில் கதை வேறு. ஊரே பனியாறு கொண்டுவந்து கொட்டிய தளர்ந்த வண்டல் மேல் நின்றது. துறைமுகத்தில் ‘சேனா’ கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது கடலடியில் கரை சரிந்து, மேடையும் அதில் நின்ற சுமார் 30 பேரும் போனார்கள். அலை வந்தது அதற்குப் பிறகு. பிற்பாடு ஊரையே 4 மைல் தள்ளிக் கெட்டி நிலத்துக்கு மாற்றினார்கள். இப்போது வரைபடத்தில் இருப்பது அந்தப் புது வால்டீஸ்.

மொத்த உயிரிழப்பில் பெரும்பங்கு சுனாமியால் வந்தது, இடிபாட்டால் அல்ல. ‘நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து’ என்று எழுதிவிட வேண்டாம்.

எக்ஸான் வால்டீஸ் விபத்து நடந்த 1989 மார்ச் 24-ம் புனித வெள்ளிதான். அலாஸ்காவுக்கு அந்த நாள் ஆகிவருவதில்லை போலிருக்கிறது.

தாளாசிரியன் #9

9.2 என்று மாற்றிவிட்டேன். 1942-க்கு ஒரே வரியில் ஜப்பானும் சாலையும் சேர்ந்து வரலாமா? இரண்டும் வேறு வேறு விஷயமாகத் தெரிகிறது.

கீழ்மண் #10

சேர்ந்தே வரலாம், ஆனால் எது முன்னால் என்பதில் கவனம். சாலை வேலை மார்ச்சில் தொடங்கிவிட்டது. அலாஸ்காவின் டச்சு ஹார்பரில் குண்டு விழுந்தது ஜூன் 3, 4. அட்டு, கிஸ்கா தீவுகளை ஜப்பான் பிடித்தது ஜூன் 6, 7. ‘ஜப்பான் தாக்கியதால் சாலை போட்டார்கள்’ என்றால் தப்பு. பேர்ல் ஹார்பருக்குப் பின் வந்த அச்சத்தில் போட்டது. அதுவும் பெரும்பகுதி கனடா மண்ணில்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவப் பொறியாளர்கள் வேலை செய்தார்கள், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். நவம்பர் 20-இல் திறப்பு. எட்டு மாதத்தில் முடிந்த வேலையில் முதல் சில மாதம் வீணானது உறைமண்ணால். தெற்கில் பழகிய முறைப்படி புல்டோசர் வைத்து மரத்தையும் பாசியையும் வழித்தார்கள். அந்தப் பாசிதான் கீழே உள்ள உறைந்த மண்ணுக்குப் போர்வை. போர்வையை உருவியதும் வெயில் இறங்கி, மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உருகி, சாலை சேற்றுக் குளமானது. தோண்டத் தோண்ட இன்னும் உருகும். கடைசியில் தலைகீழாகச் செய்தார்கள்: மரத்தை மட்டும் வெட்டு, பாசியைத் தொடாதே, வெட்டிய மரங்களைக் குறுக்கே நெருக்கமாக அடுக்கு, அதன்மேல் சரளை கொட்டு.

35 ஆண்டு கழித்து எண்ணெய்க் குழாய்க்கும் இதே பாடம்தான், இன்னும் பெரிய அளவில்.

கரைவலை #11

1942-னா உனங்கன் மக்களை மறக்காதீங்க. ஜப்பான் வந்ததும் அலூஷியன், பிரிபிலோஃப் தீவுகளிலிருந்து 880-க்கு மேற்பட்டவங்களை அமெரிக்க அரசே கப்பலில் ஏத்தி, தென்கிழக்கில் பாழடைஞ்ச டப்பாமீன் ஆலைகளில் இறக்கிடுச்சு. நல்ல தண்ணி இல்லை, வைத்தியம் இல்லை. பத்தில் ஒருத்தர் செத்துப்போனாங்க. 1988-ல்தான் மன்னிப்பும் இழப்பீடும் கொடுத்தாங்க. ஒரு வரியில் இது வரணும், சாலை போனாலும் பரவாயில்லை.

ஓரப்பார்வை #12

தாய்ப்பத்திரம் சாருக்கு ஒரு கேள்வி. 1959-இல் மாநிலம் ஆனபோதே நிலம் மாநிலத்துக்கு வந்திருக்காதா? 1971 எதற்கு?

தாய்ப்பத்திரம் #13

அங்கேதான் சிக்கல். மாநிலச் சட்டத்தில் இரண்டு பிரிவு ஒன்றையொன்று முட்டின. ஒன்று, காலியான மத்திய அரசு நிலத்திலிருந்து மாநிலம் தனக்கு வேண்டிய சுமார் 10 கோடியே 30 லட்சம் ஏக்கரை 25 ஆண்டுகளுக்குள் பொறுக்கிக்கொள்ளலாம். மொத்தப் பரப்பு 36.5 கோடி ஏக்கர் என்பதால் கால்பங்குக்கும் மேல். இன்னொன்று, பூர்வகுடிகளுக்கு உரிமை இருக்கக்கூடிய நிலத்தின் மேல் மாநிலம் எந்த உரிமையும் கோராது. ‘காலியான’ நிலம் எது? வேட்டையாடும், மீன் பிடிக்கும், பழம் பறிக்கும் காட்டில் வேலி இருக்காது, வீட்டு வரி ரசீது இருக்காது. மாநில அதிகாரி வரைபடத்தைப் பார்த்துக் காலி என்று குறித்த இடம் ஒரு கிராமத்தின் பொறி வைக்கும் தடமாக இருக்கும்.

மாநிலம் பொறுக்கத் தொடங்கியது, கிராமங்கள் ஆட்சேபம் போட்டன. 1966-இல் அலாஸ்கா பூர்வகுடிகள் கூட்டமைப்பு உருவானது. அதே ஆண்டு இறுதியில் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யூடல், வழக்கு தீரும்வரை எந்த நிலமும் கைமாறக்கூடாது என்று நிறுத்திவைத்தார். சார்பதிவாளர் ஆபீஸையே பூட்டிய மாதிரி.

இதற்கு நடுவில் 1968-இல் வடகோடியில் புரூடோ பேயில் எண்ணெய். அந்தக் கரையோரத்தை மாநிலம் 1964-இலேயே தேர்ந்தெடுத்திருந்தது, பொறுக்கியதில் பொன்னான பொறுக்கல் அது. 1969 செப்டம்பர் 10-இல் ஏலம் விட்டு ஒரே நாளில் 90 கோடி டாலர் வாங்கியது. ஆனால் எண்ணெயைத் தெற்கே கொண்டுவர 800 மைல் குழாய் வேண்டும், அது போகும் வழியெல்லாம் வில்லங்க நிலம். 1970 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் வில்லேஜ் கிராமத்து வழக்கில் வாஷிங்டன் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதுவரை பூர்வகுடிக் கோரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாத எண்ணெய்க் கம்பெனிகள், சீக்கிரம் தீர்த்துவையுங்கள் என்று காங்கிரஸை நெருக்க ஆரம்பித்தன.

1971 டிசம்பர் 18-இல் நிக்சன் கையெழுத்திட்டது அதன் பலன். 4 கோடியே 40 லட்சம் ஏக்கர், 96 கோடியே 25 லட்சம் டாலர். பதிலுக்கு மற்ற நிலத்தின் மீதான கோரிக்கை முழுவதும் ரத்து.

கீழ்மண் #14

ஒரு திருத்தம். 1971-இல் வில்லங்கம் தீர்ந்ததும் குழாய் வேலை தொடங்கிவிட்டது போல் வாசகர் நினைக்கக்கூடாது. சுற்றுச்சூழல் வழக்கு அப்படியே நின்றது. 1973 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு இடத்தில் கை வைத்தது. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாயின் இருபுறமும் 25 அடிதான் வழியுரிமை. 4 அடி விட்டக் குழாயைப் புதைக்கும் இயந்திரத்துக்கு அதில் நிற்கவே இடம் போதாது. புதுச் சட்டம் தேவைப்பட்டது. அந்த ஜூலையில் செனட்டில் 49-க்கு 49 என்று சமனாகி, துணை ஜனாதிபதி ஆக்னியூ ஓட்டில் முக்கியத் திருத்தம் தப்பியது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 16-இல் சட்டம் கையெழுத்தானது. ஜப்பானிலிருந்து வாங்கிய குழாய்கள் அதுவரை வருடக்கணக்காகத் திறந்தவெளியில் அடுக்கிக் கிடந்தன.

தாளாசிரியன் #15

புதைக்கும் இயந்திரம் என்கிறீர்கள், படங்களில் குழாய் எல்லாம் தூண் மேல் அல்லவா நிற்கிறது?

கீழ்மண் #16

பாதிக்குக் கொஞ்சம் அதிகம்தான் தூண் மேல்: 420 மைல். மீதி 380 மைல் மண்ணுக்குள். கீழே பாறையோ சரளையோ இருந்து, உருகினாலும் உட்காராத மண் என்றால் புதைத்தார்கள். பனிக்கட்டி கலந்த மண் என்றால் தூக்கினார்கள். கிணற்றிலிருந்து எண்ணெய் சூடாக வருகிறது, புதைத்தால் சுற்றிலும் உருக்கிக்கொண்டு குழாய் தொய்ந்து முறியும். விலங்குகள் கடக்க வேண்டிய சில இடங்களில் புதைத்தே ஆக வேண்டியிருந்தது. அங்கே குளிரூட்டிய உப்புநீரைப் பக்கக் குழாய்களில் ஓட்டி மண்ணை உறையவைக்கிறார்கள்.

தூக்கிய பகுதியில் 60 அடிக்கு ஒரு ஜோடிக் கால், மொத்தம் சுமார் 78,000 கால்கள். ஆனால் காலே வெயிலில் சூடேறி மண்ணுக்குள் சூட்டைக் கடத்தும் அல்லவா? அதற்கு வெப்பக் குழாய்கள், கால் ஒன்றுக்கு இரண்டு, மொத்தம் சுமார் 1,24,000. எல்லாக் கால்களிலும் இல்லை, தேவையான இடத்தில் மட்டும். படத்தில் கால்களின் உச்சியில் மீன்செதில் போல அலுமினியத் தகடுகள் தெரிகிறதே, அவைதான். உள்ளே அம்மோனியா. குளிர்காலத்தில் மேல்காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும். அடியில் மண்ணின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும், தகடுகளில் சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகி வழிந்து இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. கோடையில் மேல்பக்கம் சூடாக இருப்பதால் ஆவி குளிராது, சுழற்சி தானே நின்றுவிடும். குளிரை மண்ணுக்குள் இறக்கும், சூட்டை இறக்காது.

குழாய் வளைந்து வளைந்து போவது அழகுக்கு அல்ல. சூட்டில் நீளும்போது நேர்க்குழாய் என்றால் முட்டி நெளியும். வளைவு இருந்தால் தூண் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்துகொள்ளும். டெனாலி பிளவைக் கடக்கும் இடத்தில் தூண்களுக்குப் பதில் தரையில் நீளமான விட்டங்கள், அவற்றின் மேல் வழுக்கும் காலணி. பக்கவாட்டில் 20 அடி நகர்வைத் தாங்கும்படி போட்டது. 2002 நவம்பர் 3-இல் 7.9 அளவு நிலநடுக்கத்தில் அங்கே தரை சுமார் 14 அடி நகர்ந்தது. சில தாங்கிகள் சேதம், எண்ணெய் ஒரு சொட்டு சிந்தவில்லை.

இப்போதைய தலைவலி வேறு. 1988-இல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடியது, சமீப ஆண்டுகளில் 5 லட்சத்துக்கும் கீழே. முன்பு நாலைந்து நாளில் குழாயின் தென்முனையான வால்டீஸ் சேர்ந்த எண்ணெய்க்கு இப்போது இரண்டு வாரத்துக்கும் மேல். மெதுவாகப் போனால் ஆறிவிடும், ஆறினால் மெழுகு சுவரில் படியும், கலந்திருக்கும் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி உறையப் பார்க்கும். சுரண்டும் உருளைகளை உள்ளே விட்டுச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். நிறைய எண்ணெய்க்குக் கட்டிய குழாயில் குறைவாக ஓட்டுவதுதான் கஷ்டம்.

நாள்காட்டி #17

1977-க்கு எந்தத் தேதின்னா: எண்ணெய் உள்ளே விட்டது ஜூன் 20, வால்டீஸ் வந்து சேர்ந்தது ஜூலை 28. நடுவுல ஜூலை 8-ல் 8-ஆம் எண் பம்ப் நிலையம் வெடிச்சு ஒருத்தர் இறந்தார், அதனால தாமதம். ‘தொடங்கியது’ன்னா ஜூன் 20 போடுங்க.

ஓரப்பார்வை #18

1971 சட்டத்தைப் பற்றி எதிர்க் கருத்தும் நிறைய உண்டே? நிலத்தை மக்களுக்குக் கொடுக்காமல் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் என்று.

தாய்ப்பத்திரம் #19

உண்மை. மற்ற மாநிலங்களில் உள்ள மாதிரி பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலம் இல்லை, பங்குக் கம்பெனிகள். 12 வட்டாரக் கார்ப்பரேஷன்கள், இருநூறு சொச்சம் கிராமக் கார்ப்பரேஷன்கள். (வெளி மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு 13-ஆவது ஒன்று பின்னால் வந்தது, அதற்கு நிலம் கிடையாது.) பெயர் பதிந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர், ஆளுக்கு 100 பங்கு. கிராமக் கம்பெனிக்கு மேல்மண், வட்டாரக் கம்பெனிக்கு அடிமண். ஒரே இடம், இரண்டு சொந்தக்காரர்கள். கிராமம் தன் நிலத்தில் சரளை தோண்ட நினைத்தால் சரளை மேல்மண்ணா அடிமண்ணா என்று நீதிமன்றம் வரை போனது. அடிமண் என்று தீர்ப்பு.

அடிமண் வருமானத்திலும் மர வருமானத்திலும் 70 சதவீதத்தைப் 12 வட்டாரங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எண்ணெய் உள்ள வட்டாரம் கொழிக்க, ஒன்றுமில்லாத வட்டாரம் காயக்கூடாது. 1989-இல் திறந்த ரெட் டாக் துத்தநாகச் சுரங்கத்தின் பணம் மற்ற வட்டாரங்களுக்கும் போவது இதனால்தான். ஆனால் ‘நிகர வருமானம்’ என்றால் என்ன என்று பல ஆண்டு வழக்காடிய பிறகே ஒழுங்குக்கு வந்தது.

பெரிய ஓட்டை வயது. 1971 டிசம்பர் 18-இல் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும் பங்கு. மறுநாள் பிறந்த குழந்தைக்கு இல்லை. அண்ணன் பங்குதாரர், தங்கை வெளியாள். 1987 திருத்தத்துக்குப் பிறகு பங்குதாரர்கள் ஓட்டெடுத்துப் புதிய தலைமுறையைச் சேர்க்கலாம் என்றானது. சில கம்பெனிகள் சேர்த்தன, சில சேர்க்கவில்லை.

1980-ஐயும் இதன் தொடர்ச்சியாகப் பாருங்கள். 1971 சட்டத்திலேயே, தேசிய நலனுக்காக 8 கோடி ஏக்கர் வரை ஒதுக்கலாம் என்று ஒரு உட்பிரிவு இருந்தது. அது பெருகி, 1980 டிசம்பர் 2-இல் கார்ட்டர் கையெழுத்தில் 10 கோடி ஏக்கருக்கும் மேல் பூங்கா, சரணாலயம், காடு ஆனது.

தாளாசிரியன் #20

1971 உள்ளே. இடம் வேண்டுமே, எதை எடுக்க? 1741-ஐ எடுக்கலாமா? எல்லாருக்கும் தலா 1,000 டாலர் கொடுக்கிறார்களாமே, அதுவும் வரவேண்டும் என்கிறார் வடிவமைப்பாளர்.

நாள்காட்டி #21

1741-ஐ எடுக்காதீங்க, ரஷ்யா ஏன் வந்ததுன்னே தெரியாம போயிடும். 1925-ஐ எடுங்க. நல்ல கதைதான்: நெனானாவிலிருந்து நோம் வரை 674 மைல், 20 வண்டிக்காரங்க, அஞ்சரை நாளுக்குள்ள. ஆனா மாநில வரலாற்றை அது திருப்பலை. பால்டோ கடைசிக் கட்டம்தான் ஓடினான், மருந்தோட அதிக தூரம் ஓடினது செப்பாலா என்ற வண்டிக்காரரோட டோகோ நாய் அணி. பேரை மட்டும் போட்டா அதுக்கும் ஒரு கடிதம் வரும்.

பணம் விஷயம். 1976 நவம்பரில் அரசியல் சட்டத் திருத்தம்: கனிம ராயல்டியில் குறைஞ்சது 25 சதவீதம் நிரந்தர நிதிக்கு, அசலைத் தொடக்கூடாது. 1980-ல் போட்ட முதல் சட்டப்படி, 1959 முதல் குடியிருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 டாலர். புதுசா குடிவந்த தம்பதி வழக்குப் போட்டாங்க, 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1-ன்னு அதை ரத்து பண்ணுச்சு. உடனே எல்லாருக்கும் சமமா முதல் செக், 1,000 டாலர். அதனால ‘1982’ போடுங்க. தொகை வருஷத்துக்கு வருஷம் மாறும்: 2020-ல் 992, 2022-ல் 3,284. ‘எண்ணெய் விற்ற பணத்தைப் பிரிச்சுக் கொடுக்கறாங்க’ன்னு எழுதாதீங்க. பங்கு, கடன்பத்திரம், கட்டடத்தில் போட்ட நிதியின் வருமானத்திலிருந்து வருது. அசல்தான் எண்ணெய்ப் பணம்.

கரைவலை #22

1912-க்குப் பதிலா 1945 வைக்கலாமே? பிப்ரவரி 16. ‘பூர்வகுடிகளுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை’ மாதிரி பலகைகள் கடை வாசலில் தொங்கின காலம். அந்தப் பாகுபாட்டைத் தடுக்கற சட்டத்தில் கவர்னர் குரூனிங் கையெழுத்துப் போட்ட நாள். செனட்டில் பேசின எலிசபெத் பெரட்ரோவிச் பேரில் இப்போ பிப்ரவரி 16 மாநில நாள். 1964-ல் வந்த மத்திய குடிமை உரிமைகள் சட்டத்துக்கு 19 வருஷம் முன்னாடி.

தாய்ப்பத்திரம் #23

வழிமொழிகிறேன். 1912-இல் கிடைத்தது அரைகுறை அதிகாரம்தான். அந்தச் சட்டசபை 1913-இல் போட்ட முதல் சட்டம் பெண்களுக்கு ஓட்டுரிமை என்பது மட்டும் சொல்லத்தக்கது.

தாளாசிரியன் #24

முடிவு: 1896 போய் 1898 நோம், 1912 போய் 1945, 1925 போய் 1971. 1942-இல் சாலைக்குப் பதில் உனங்கன் வெளியேற்றம். 1982-ஐ 1977 வரியின் வாலில் ஒட்டிவிட்டேன். 1867-க்கு: ‘அக்டோபர் 18: சிட்காவில் ரஷ்யக் கொடி இறங்கியது, விலை 72 லட்சம் டாலர், அதில் 2 லட்சம் வில்லங்கம் நீக்க’. இடம் சரியாகக் கொண்டது. 1959-க்கு ஜனவரி 3, ஐசனோவர் கையெழுத்து, பக்கத்தில் கொடிப் படம்.

நாள்காட்டி #25

கொடியில் எத்தனை நட்சத்திரம்னு எண்ணிப் பார்த்தீங்களா? ஹவாய் சேர்ந்தது 1959 ஆகஸ்ட் 21. அலாஸ்காவுக்காக வந்தது 49 நட்சத்திரக் கொடி, வரிசைக்கு 7 வீதம் 7 வரிசை. அமலுக்கு வந்தது 1959 ஜூலை 4, சரியா ஒரு வருஷம்தான் பறந்தது.

தாளாசிரியன் #26

50 இருக்கிறது. வடிவமைப்பாளருக்கு இப்போதே போன் போடுகிறேன்.